மூணு மணி நடை

பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது, பிடுங்கின பிளக் என் கையிலேயேதான் இருக்கிறது, ஆனாலும் ஸ்விட்சையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று எழுந்துபோய்ப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது, திரும்பி வந்து உட்கார்ந்ததும் அணைந்திருந்ததைப் பார்த்தேனா இல்லை அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வந்தது, மறுபடியும் போனேன். மாமா சோபாவில் சாய்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு, கரண்டு என்ன பூனையா, உன்ற பின்னாலயே வர்றதுக்கு" என்றார். என் மாமனார் சென்னியப்பன் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுவார், என்னை என்ன எடை போட்டு வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னதில்லை. "இல்லீங்க மாமா, சும்மா" என்று சொல்லிவிட்டு பிளக் வயரை ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன், என் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில், தானாகப் போய்ச் சொருகிக்கொள்ளாதபடி. வீடு தூங்கின பிறகு உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, மத்தியானம் சிரிப்பு வரவில்லை, மத்தியானம் அந்த முடிச்சு அவிழாது என்று தெரிந்த பிறகுதான் டிரெட்மில்லின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார எனக்குத் தைரியம் வந்தது.

அந்த மெஷின்மேல் எனக்குப் பயம். முன்பெல்லாம் இல்லை, முன்பு அது ஈரத் துண்டு காயப்போடுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். மாமாவுக்குச் சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு அதற்கு உயிர் வந்தது, என் பிள்ளை அகரன் தவழ ஆரம்பித்த பிறகு அதற்கு வாய் வந்தது. பின்பக்கம் பட்டை உள்ளே போகிற அந்தச் சந்து இருக்கிறதே, அதுதான் வாய். யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள், ஒரு குழந்தை, ஓடுகிற பட்டை, நான் பாதியிலேயே அணைத்துவிட்டேன், அணைத்ததுதான் தப்பு, மீதிப் பாதியை என் மூளையே எடுத்து முடித்துவிட்டது, விதவிதமான முடிவுகளோடு, பாத்திரம் கழுவும்போது ஒன்று, தலை வாரும்போது ஒன்று. அதனால் மெஷின் ஓடும்போது குழந்தை தொட்டிலில்தான் இருக்கவேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். ஹால் கொக்கியில் ஸ்பிரிங் போட்டுத் தொங்குகிற சேலைத் தொட்டில், தரையிலிருந்து உயரத்தில், அங்கிருந்து எந்த விரலும் எந்தச் சந்துக்கும் எட்டாது. சட்டம் போட்டவள் நான், அதில் சுகம் கண்டவன் அவன். மாமா தினமும் மூணு மணிக்கு ஏறி நடப்பார், மெஷின் ம்ம்ம் என்று ஒரே சுருதியில் இரையும், மாமாவின் கால் தப் தப்பென்று விழும், தொட்டிலுக்குள் அகரனுக்குக் கண் சொருகிவிடும். நான் பாடினால் சிரிக்கிறான். தட்டிக்கொடுத்தால் விளையாட்டு என்று நினைத்து எழுந்து உட்காருகிறான். அவனைப் பெற்ற எனக்கு வராத வித்தை ஒரு மோட்டாருக்கு வந்திருக்கிறது. அந்த மோட்டார்தான் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து ஓடமாட்டேன் என்கிறது. மிக்ஸியைப் போட்டுப் பார்த்தோம், அழுதான். வாஷிங் மெஷினைப் போட்டோம், துணி சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டுமென்று அழுதான். என் கணவர் சசி போனில் டிரெட்மில் சத்தத்தையே தேடி எடுத்துத் தொட்டிலுக்குள் வைத்தார், போனைக் கடித்தான். மத்தியானம் தூங்காத பிள்ளை சாயங்காலம் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியவரப்போவது திங்கட்கிழமை.

திங்கட்கிழமை. இந்த வார்த்தையை நினைத்தாலே வயிற்றில் லிஃப்ட் இறங்குகிறது. பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை நான் காந்திபுரம் ஆபீசுக்குத் திரும்பிப் போகிறேன், இன்று சனிக்கிழமை. வேலைக்கு வரும் சரசக்கா இரண்டு மணிவரை இருப்பாள், பிறகு அவளுக்கு வேறு வீடு. அத்தை பெங்களூரில், நாத்தனாரின் பிரசவத்துக்குப் போனவர் பொங்கல் கழித்துத்தான் வருவார். ஆக இரண்டு மணியிலிருந்து நான் வந்து செருப்பைக் கழற்றும்வரை குழந்தைக்கு மாமா, மாமாவுக்குக் குழந்தை. குழந்தை தூங்கினால் சமாளித்துவிடுவார். தூங்காவிட்டால், வலது தோள் தூக்க வராத மனிதர், பத்து கிலோ வீறிட்டு அழுகிற பிள்ளையை என்ன செய்வார், பதறுவார், ஒரு கையால் தூக்குவார், நழுவும், தரையில் டைல்ஸ். இங்கேயும் என் மூளை படத்தை எடுத்து முடித்துவிடுகிறது. சர்வீஸ் ஆள் வியாழன் வருகிறேன் என்றார், பிறகு அடுத்த வியாழன் என்றார். சசி ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்து, பெல்ட் டென்ஷன்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமையும் ஆபீஸ் என்று போய்விட்டார். அதனால்தான் ஸ்கூலில் தையல் ஊசியில் நூல் கோக்கவே பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்ட நான், கையில் எல் மாதிரி வளைந்த சாவியோடு இந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் லியோனி சொல்வார், பயம் வந்தால் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள் பூர்ணிமா, ஒரு துண்டை மட்டும் பார். அவர் சொன்னது பின்னங்கள் பாடத்துக்கு. எனக்கு வாழ்க்கை முழுக்கப் பின்னமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

முதல் துண்டு, நோயைக் கண்டுபிடிப்பது. ஸ்டார்ட் கொடுத்தால் மூன்று, இரண்டு, ஒன்று என்று காட்டிவிட்டு நல்ல பிள்ளையாகத்தான் கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து டொக், டொக் என்று யாரோ விரலால் கதவு தட்டுகிற சத்தம், பிறகு பட்டை மெல்ல இடது பக்கமாக ஒதுங்கி, ஓரத்தில் உரசி, பீப் என்று கத்தி நின்றுவிடுகிறது. பட்டை எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து போல்ட்டைக் கால் திருப்பு இறுக்கு என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இடது பக்கம் என்றால் என் இடதா, மெஷினின் இடதா, நான் பின்னாலிருந்து பார்க்கிறேனே, ஏறி நிற்கிறவனும் அதே பக்கம்தானே பார்க்கிறான், அப்படியென்றால் என் இடதுதான், இதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கால் திருப்பு. முடிச்சை அவிழ்த்து, பிளக்கைச் சொருகி, குழந்தை எங்கே என்று பார்த்து, மாமா மடியில், ஸ்டார்ட். டொக். மறுபடி நிறுத்தி, பிடுங்கி, முடிச்சு. இன்னும் கால் திருப்பு. பட்டை நேராகிற மாதிரி வந்து, டொக், டொக், மறுபடி இடது. "பிளக்குலதாங் கண்ணு கோளாறு, இந்த வீட்டு ஒயரிங்கே செரியில்ல" என்றார் மாமா, காலையிலிருந்து நாலாவது தடவை. அவர் இவ்வளவு பேசுகிறவரே இல்லை. குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான், அவர் அதைக்கூடக் கவனிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், டிக்கெட் இல்லாமல் ஏறினவர்கள் செக்கரின் கையைப் பார்ப்பார்களே, அப்படி. இதை அப்போது நினைக்கவில்லை, இப்போது நினைக்கிறேன். அப்போது என் நினைப்பெல்லாம் வேறு. அந்த டொக் என்ற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் எங்கோ ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இது சரியாகாமலே போய்விட்டால்? யார் என்ன சொல்ல முடியும், மெஷின் ஓடவில்லை, குழந்தை தூங்கவில்லை, எப்படி வேலைக்குப் போவது, யாரும் என்னைப் பயந்தவள் என்று சொல்லமாட்டார்கள், பாவம் என்றுதான் சொல்வார்கள். திங்கட்கிழமை காலை நான் நைட்டியிலேயே இருப்பேன், அவன் வாயில் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருப்பேன், லிஃப்ட் இறங்காது. சாவி என் கையில் தளர்ந்தது. கொஞ்ச நேரம் போல்ட்டைத் திருப்புகிற மாதிரி வெறுமே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடிப்பு எனக்கு நன்றாக வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஆனால் ஒரு சத்தம் கதவைத் தட்டினால் யார் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, அதுவும் பயத்தின் இன்னொரு குணம். டொக் என்பது எது? தெரியாததைத் தெரியாமலே வைத்துக்கொண்டால் ராத்திரிக்குள் அது என்னென்னவோ ஆகிவிடும். முன்பக்கம் மோட்டாரை மூடியிருக்கிற பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன், ஒவ்வொன்றையும் குழந்தைக்கு எட்டாமல் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன், அது குத்தியது, குத்தட்டும், இருக்கிறதென்று தெரியும். மூடியை எடுத்தால் உள்ளே தூசி, என் தலைமுடி, மாமாவின் தலைமுடி இல்லை, அவருக்கு ஏது, ஒரு சட்டைப் பொத்தான், காணாமல்போன ஒற்றைக் குழந்தைச் சாக்ஸ். இருட்டில் முன்னுருளையும் அதன்மேல் இறுகப் பிடித்த பட்டையும். பின்னால் இரண்டு போல்ட்டையும் தளர்த்திவிட்டுப் பட்டைக்கும் உருளைக்கும் நடுவில் கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். வாய்க்குள் கை. ஜன்னலைப் பார்த்தேன், முடிச்சு இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், எனக்கு அது இங்கிலீஷில்தான் வரும், பன்னிரண்டு வருஷம் அசெம்பிளியில் சொன்னது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே உதடு தானாக அசையும், பூஜை அறையில் முருகன் இருக்கும் வீட்டில் இதை நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வது வழக்கம், முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கை உள்ளே போனது. ரப்பர் குளிர்ந்திருந்தது. விரலில் ஏதோ தட்டுப்பட்டது, மேடாக, கெட்டியாக, உருளையோடு ஒட்டிக்கொண்டு. நகத்தால் பெயர்த்து இழுத்தேன். கருத்துச் சுருங்கின ஒரு தோல். எலி. பல்லி. ஓரத்தில் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் எழுந்து ஓடிப்போய் அகரனின் கை விரல்களை எண்ணினேன், பத்து, மறுபடி எண்ணினேன், பத்து, கால் விரல்களையும் எண்ணினேன், அவன் இது புது விளையாட்டு என்று கெக்கலித்தான். அப்புறம்தான் கையிலிருந்ததை மூக்குக்குக் கொண்டுபோனேன். காய்ந்துபோயிருந்தாலும் வாசனை போகவில்லை.

"இது என்னங்க மாமா?" மாமா கண்ணாடியைக் குழந்தையிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். "பழமாட்ட இருக்குது" என்றார். "என்ன பழமுங்க?" "எலுமிச்சம்பழமாட்ட." "இது எப்படிங்க உள்ள போச்சு?" "அதத்தாங் கண்ணு நானும் ரோசன பண்ணிட்டே இருக்கறன்." நான் அதை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "செரி, நாந்தான் வெச்சன்" என்றார். "பூசையன்னிக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சம்ல, மிக்ஸிக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, உன்ற ஸ்கூட்டிக்கு. இதும் ஓடற வண்டிதான. பழம் வெச்சு ஏத்தாம எந்த வண்டிய எடுத்திருக்கறம். குங்குமம் தடவி, பொறத்தால, பட்டைக்கடியில ஒட்டுனாப்புல வெச்சன், ஸ்டார்ட் குடுத்தன், பழத்தக் காணம். நசுங்கவே இல்ல. சோபாவுக்கடியில, டிவிக்கடியில, எங்கெல்லாமோ தேடுனன்." "சொல்லியிருக்கலாமுல்லீங்க மாமா." "சொன்னா உன்ற புருசன் சிரிப்பான். பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லுவான், அங்கயும் சிரிப்பாங்க. டெப்போவுல எத்தன பஸ்ஸுக்கு வெச்சிருப்பன், ஒரு பஸ்ஸாவது பழத்த முழுங்கியிருக்குதா? இது முழுங்கும்னு நான் என்ன கனாக் கண்டனா." சொல்லிவிட்டுக் குழந்தையின் தலையைத் தடவினார். "நீ ஆபீஸ் போறப்ப இது மக்கர் பண்ணிரக் கூடாதேன்னுதாங் கண்ணு." எனக்கு முதலில் வாயோரம்தான் துடித்தது, பிறகு தோள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன், ஜாக்கெட்டுக்குள்ளிருந்த ஸ்க்ரூ குத்தக் குத்தச் சிரித்தேன், நான் சிரிப்பதைப் பார்த்து அவன் சிரித்தான், அவன் சிரிப்பதைப் பார்த்து மாமாவுக்கும் வந்துவிட்டது, அவர் சிரித்து இத்தனை பல் நான் பார்த்ததில்லை. எனக்கு மட்டும்தான் திங்கட்கிழமையை நினைத்துப் பயம் என்று இருந்தேனே, இந்த மனிதர் அதற்காகப் பழம் வைத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து சசி போன். "என்ன ஆச்சு பூர்ணி, முடியலதான? நான் அப்பவே சொன்னன், நீ இழுத்து விட்டுக்காத. நான் ஒண்ணு யோசிச்சன். லீவ இன்னொரு மாசம் நீட்டிக்கிறியா? எழுதிக் குடுத்தா தருவாங்கல்ல. மெஷின் ரிப்பேர், குழந்தையப் பாக்க ஆள் இல்லைன்னு சொல்லு." காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருந்தது, மரியாளும் முருகனும் சேர்ந்து கலந்து பேசி, கேட்டபடியே போனில் வந்திருக்கிறது. சரிங்க என்று ஒரு வார்த்தை. மூடி கழன்று கிடக்கிறது, போல்ட் தளர்ந்து கிடக்கிறது, எலுமிச்சையை ஜன்னல் வழியாக வீசிவிட்டால் மாமா உயிர் போனாலும் வெளியே சொல்லமாட்டார். வாயைத் திறந்தேன். முடியலதான என்று அவர் கேட்டாரே, அந்த முடியலதான மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. "வேண்டாங்க" என்றேன். மாமா எதிரில் இருக்கும்போது நான் அவரைச் சசி என்று கூப்பிடுவதில்லை. "ரிப்பேர் கண்டுபிடிச்சாச்சு. மாட்டணும், அவ்வளவுதான்." "கண்டுபிடிச்சுட்டியா? என்னவாம்?" மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரைப் பார்த்தார். "குப்பைங்க. உள்ள குப்பை சேந்துருச்சு" என்றேன். மாமா மெதுவாக மூச்சு விட்டார். போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது, லிஃப்ட் இறங்கியது, ஆனால் இந்த முறை எங்கேயோ ஒரு மாடியில் போய் நின்ற மாதிரி இருந்தது.

உருளையை ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, பின் போல்ட் இரண்டையும் பக்கத்துக்குக் கால் திருப்பாக இறுக்கி, மூடி மாட்டி, ஸ்க்ரூக்களை ஜாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்று குறைகிறதோ என்று பதறி, அது தோள்பட்டைப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அகரனைத் தொட்டிலில் போட்டோம், போட்டதும் அழுகை, மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஆள் ஏறித்தான் ஓட்டிப் பார்க்கவேண்டும், மாமாவை ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால், அதனால் நானே ஏறினேன். இத்தனை நாளில் ஒரு தடவையும் அதன்மேல் கால் வைத்ததில்லை. மூன்று, இரண்டு, ஒன்று. பட்டை என்னைப் பின்னால் இழுத்தது, கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன், சேலையை ஒரு பக்கம் இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தேன். டொக் வருமா. வரவில்லை. பட்டை ஒதுங்குகிறதா. குனிந்து பார்த்தேன், நடுவில் நேராக, வகிடு எடுத்த மாதிரி ஓடியது. ம்ம்ம். தொட்டிலில் அழுகை ஒரு படி இறங்கியது. என் கால் தப் தப்பென்று விழுந்தது, அவனுக்குப் பழகின கால் இல்லை இது, லேசான கால், இருந்தாலும் அழுகை சிணுங்கலாகி, சிணுங்கல் இழுவையாகி, தொட்டில் சேலைக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு பாதம் அசைவதை நிறுத்தியது. நான் தூங்க வைத்துவிட்டேன். பெருமையில் நாலு அடி கூடவே நடந்தேன். பிறகுதான் தெரிந்தது, இறங்க முடியாது. நிறுத்தினால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் முழித்துக்கொள்வான், ஆகவே அவன் தூங்கி எழும்வரை நான் நடக்கவேண்டும், எங்கேயும் போகாமல், அவன் பக்கத்திலேயே, நடந்துகொண்டே இருக்கவேண்டும். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று நினைத்ததும் பயம் வந்தது, இப்படியே நடந்துவிடுவேன் நான், விட்டால் வருஷக்கணக்கில் நடப்பேன். மாமாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"நிறுத்தாதீங்க, ஓடும்போதே மாறிக்கலாம்" என்று காற்றுக் குரலில் சொன்னேன். வேகத்தைக் கடைசிவரை குறைத்தேன். பட்டைக்கு இரண்டு பக்கமும் ஓடாத ஓரம் இருக்கிறதே, நான் இடது ஓரத்தில் காலை விரித்து நின்றுகொண்டேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது ஓரத்தில் ஏறினார். "பாத்துங்க மாமா." "ஓடற பஸ்ஸுல ஏறி எறங்கியே ரிட்டையராயிட்டன், இது ஒரு வேகமா" என்று கிசுகிசுத்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டையில் காலை வைத்தார். கொஞ்ச நேரம் யார் காலும் விழாமல் மோட்டார் மட்டும் இரைந்தது. தொட்டில் அசைந்தது. அந்தப் பாதம் சேலைக்குள் போயிற்று. நான் ஓரத்திலேயே நின்றேன். பிறகு மாமாவின் கால், கனமாக, ஒரே சீராக. பாதம் மறுபடி வெளியே வந்து, விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்து, அப்படியே கிடந்தது. நான் இறங்கினேன். இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தேன், மாமா திரும்பாமலே முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி, போ போ என்றார்.

அறைக்குப் போனேன். கை முழுக்கக் கருப்பு, சோப்புப் போட்டுக் கழுவினேன், காது மட்டும் ஹாலிலேயே இருந்தது. இப்போது அழுவான். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். ம்ம்ம், தப், தப். ஒன்றுமில்லை. அம்மா இறங்கிவிட்டாள், வேறு கால் ஏறியிருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டானா இந்தப் பிள்ளை, ஒரு தடவையாவது முழித்துப் பார்த்திருக்கலாம். முழிக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து இத்தனை பாடும், இருந்தாலும் எனக்குக் கோபமாக வந்தது, நிஜமான கோபம், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு, சிரிப்பும் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பீரோவைத் திறந்து திங்கட்கிழமைக்கான நீலச் சுடிதாரை எடுத்தேன், இடுப்புப் பக்கம் கொஞ்சம் பிரித்து விடவேண்டியிருக்கும், அது நாளைக்கு. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். ஒரு கையை மட்டும் தேய்ப்போம், அதற்குள் அழுதுவிடுவான் என்று விரித்து வைத்துத் தேய்த்தேன், மடிப்பு விழாமல், தோளிலிருந்து மணிக்கட்டுவரை. அழவில்லை. இன்னொரு கையை விரித்தேன்.